ஆவணியில் வீடு மாறுகிறோம்

மதுரை,
ஆடி 20

அன்புள்ள கோமதி,

ஒருவழியாகத் திருநகர் வீட்டின் சாவி கைக்கு வந்துவிட்டது. கொடுத்ததே ஆனி கடைசியில்தான். அதற்குள் ஆடி பிறந்துவிட்டதால், ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சலாம் என்று முடிவு. "ஒரு மாத வாடகை தண்டம்" என்று இவர் முணுமுணுக்கிறார். என்னைக் கேட்டால் இந்த ஆடி எனக்கு வரம். மேலமாசி வீதிச் சந்து வீட்டின் பரணில் இத்தனை வருஷமாக ஏற்றி வைத்ததையெல்லாம் இறக்கி, எது வரும், எது வராது என்று பிரிக்க வேண்டாமா?

புது வீடு சின்னதுடி. விளம்பரத் தாளில் 1,180 சதுர அடி என்று போட்டிருந்தார்கள். மாடிப்படி, லிப்ட், வராண்டாவில் நம் பங்கு எல்லாம் அதில் அடக்கம். உள்ளே டேப் பிடித்தால் 860 தேறுகிறது. 2016-ல் வீடு கட்டி விற்பவர்களுக்கான ரெரா சட்டம் வந்த பிறகு கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் இடம், எவ்வளவு என்று சொல்லித்தான் ஆகவேண்டும். பத்திரம் போடும்முன் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டதால் ஏமாற்றம் இல்லை. ஆனால் இடத்துக்குத் தகுந்த மாதிரி சாமான் குறைந்தாக வேண்டும்.

வீட்டை அலங்கரித்துத் தருகிறேன் என்று ஒரு பையன் வந்தான். லேப்டாப்பில் முப்பரிமாணப் படம் காட்டினான். அழகுதான், ஆனால் அந்தப் படத்தில் யாரும் குடியிருக்கவில்லை. காலண்டர் இல்லை, துணி காயப்போடக் கொடி இல்லை, அத்தையின் மருந்து டப்பா இல்லை. ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங், அதில் ஒளித்து வைத்த விளக்கு. "தம்பி, கொலுப் பொம்மை எங்கே இருக்கும்?" என்று கேட்டேன். லைட் போட்ட ஷோகேஸைக் காட்டினான். "ஒன்பது நாளைக்குச் சரி, மிச்ச நாளெல்லாம்?" என்றதும் தலையைச் சொறிந்தான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எதையும் வைக்க இடம் பார்த்த பிறகுதான் அழகு. படுக்கையறை லாஃப்டை இரண்டடி ஆழத்துக்குக் கதவு போட்டு வாங்குகிறோம். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. மதுரை வெயிலுக்கு உயரத்தில் அரை அடியை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

ஹாலில் ஒரு சுவரை மட்டும் வெறுமையாக விடுகிறேன். புரட்டாசியில் அங்கே கொலுப்படி. மற்ற நாட்களில் அம்மாவின் ஊஞ்சல் பலகை, கீழே கால் அடித்து நீளப் பெஞ்சாக. கூரைத் தளத்தில் துளை போட்டுக் கொக்கி மாட்டக்கூடாது என்று அசோசியேஷனில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சங்கிலி பெட்டிக்குள் போய்விட்டது. தஞ்சாவூர் படத்தை அந்த அலங்காரப் பையன் குளியலறைச் சுவரின் மறுபக்கம் மாட்டச் சொன்னான். அது பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்து மேடு எழுப்பிச் செய்தது. ஈரம் பட்டால் உப்பிக்கொண்டு தங்கத்தாளோடு பெயர்ந்துவிடும். பூஜை அலமாரிக்கு எதிர்ச்சுவர்தான் அதற்கு.

தரையில்தான் மனம் அடித்துக்கொள்கிறது. இங்கே கால் வைத்தால் குளுகுளு என்றிருக்கும் சிவப்புக் காவித் தரை, அங்கே கண்ணைக் கூசும் வெள்ளை டைல்ஸ். ஆத்தங்குடிக் கல் போட ரொம்ப ஆசைப்பட்டேன். கண்ணாடித் தட்டின்மேல் சாயத்தை ஊற்றி வார்ப்பார்கள், அதனால்தான் பாலிஷ் போடாமலே அந்த வழுவழுப்பு. ஆனால் கல் முக்கால் அங்குல கனம். இருக்கிற டைல்ஸ்மேல் பதித்தால் எந்தக் கதவும் திறக்காது. சரி, பால்கனியில் மட்டும் போடுகிறோம். அங்கே நின்றால் திருப்பரங்குன்றம் மலை தெரிகிறது, தெரியுமா?

பாத்திரம், புத்தகம் எல்லாம் கூலியாட்கள் கட்டிக்கொள்வார்கள். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, இல்லாவிட்டால் தூக்க முடியாது. பெட்டியின் தலையில் எழுதினால் அடுக்கியபின் தெரியாது, பக்கவாட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். பொம்மையை மட்டும் யார் கையிலும் விடுவதாக இல்லை. நாமே கட்டியது உடைந்தால் இன்சூரன்ஸ் கிடையாதாம், சாமான் ஏற்றும் கம்பெனிக்காரர் எச்சரித்தார். பரவாயில்லை, அம்மாவின் மீனாட்சி கல்யாணச் செட்டுக்கு எந்த இன்சூரன்ஸ் ஈடாகும்?

அந்தச் செட் உனக்கு நினைவிருக்கும். தாரை வார்க்கும் பெருமாளின் கையில் கிண்டிச் செம்பு, அதன் மூக்கு ஈர்க்குச்சி அளவுதான். முதலில் அந்த மூக்கைச் சுற்றிப் பஞ்சு, அப்புறம் கையையும் உடம்பையும் சேர்த்து இவருடைய பழைய எட்டுமுழ வேட்டிக் கிழிசல், அதற்கு மேல்தான் செய்தித்தாள். தாளை நேரே சுற்றினால் மை ஒட்டிவிடும். பப்பிள் ராப்பும் நேரே படக்கூடாது, வெயிலில் பெயிண்ட் இளகினால் முகமெல்லாம் அம்மைத் தழும்பாகிவிடும். பெருமாள், மீனாட்சி, சுந்தரேசுவரர் மூவரையும் நிற்க வைத்தே கட்டினேன். மண்பொம்மையைப் படுக்கவைத்தால் கழுத்தில்தான் பாரம் விழும். மூலைகளில் காய்ந்த வேப்பிலை. செட்டியார், செட்டிச்சி, அவர்களுடைய பருப்புக் கடை எல்லாம் தனிப்பெட்டி. மரப்பாச்சிகளை மட்டும் என் கைப்பையில் போட்டுக்கொண்டு போவேன், மரத்துக்கு என்ன பயம்?

இதில் ஒரு அதிர்ஷ்டம், விளாச்சேரி திருநகரை ஒட்டித்தான் இருக்கிறது. குயவர் தெருவில் இப்போதே கொலுவுக்கு வேலை மும்முரம். ஏதாவது மூளியானால் கையோடு ஒட்டி வண்ணம் பூசி வாங்கிவிடலாம். இவருக்கு இதைச் சொல்லவில்லை, "புதுசு வாங்கத்தானே வழி பார்க்கிறாய்" என்பார். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

உன்னிடம் ஒரு வேலை. பெஞ்சின்மேல் விரிக்கப் பத்தமடைப் பாய் வேண்டும், ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம். மினுமினுக்கும் பட்டுப்பாய் வேண்டாம், உட்கார்ந்து எழுந்தால் வீணாகிவிடும். சாதாரணக் கோரைதான், ஓரத்தில் மட்டும் சிவப்பும் பச்சையும். அந்த அளவுக்குச் சொல்லித்தான் நெய்ய வேண்டியிருக்கும், அதனால் சீக்கிரம் சொல்லிவிடு. கண் ஆபரேஷன் ஆன கையோடு தூசியில் நீ அலையாதே, உன் பிள்ளையை அனுப்பு. சொட்டு மருந்தை விட்டுவிடாதே. பாய்க்கு எவ்வளவு ஆகும் என்று எழுது, இவர் ஜிபேயில் அனுப்புவார்.

அன்புடன்,
மீனா