வெள்ளிக்கிழமைக்கு ஒரு கட்டில்

இஸ்ரேலில் பதின்பருவப் பிள்ளைகளுக்காகக் குடும்ப முறை இல்லங்களை நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்து, ஏழு ஆண்டுகளாக இந்நாட்டில் ஒரு யூத மூதாட்டியைப் பராமரித்து வருகிறேன். எங்கள் பக்கத்து வீடு, நீங்கள் ‘மிஷ்பஹ்தோன்’ என்று அழைக்கும் இல்லங்களில் ஒன்று. ஒரு தம்பதியர், அவர்கள் பெற்ற மூவர், பெற்றோரிடம் வளர வழியில்லாமல் வந்துசேர்ந்த பத்துப் பிள்ளைகள் என அத்தனை பேருக்கும் அங்கே ஒரே அடுப்புதான். வெள்ளிக்கிழமை இரவு விருந்துக்கு மூதாட்டிக்கு அங்கே அழைப்பு உண்டு. சக்கர நாற்காலியைத் தள்ளிச் செல்லும் உரிமையில் எனக்கும் ஒரு தட்டு கிடைத்துவிடும்.

உணவுக்கு முன் அவ்வீட்டுத் தந்தை ஒவ்வொரு மகன் தலையிலும் இரு கைகளை வைத்து, யோசேப்பின் புதல்வர்களான எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் கடவுள் உன்னை ஆக்குவாராக என்று வாழ்த்துவது வழக்கம். பள்ளிக்குப் போக மறுப்பதும் கதவை உதைப்பதுமாக வந்துசேர்ந்த பையன் ஒருவன், அந்த நேரத்தில் மட்டும் சுவரோரம் ஒதுங்கி நின்றுகொள்வான். அவனை யாரும் வற்புறுத்தியதில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஒரு மாலை, அடுக்கிக்கொண்டிருந்த தட்டுகளைக்கூடக் கீழே வைக்காமல் வந்து அவர்முன் குனிந்தான். வீட்டுத் தாய் ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

அந்தப் பையனுக்குப் பதினெட்டு நிறைந்தது. கட்டாய இராணுவப் பணிக்குப் போனான். அவன் கட்டில் வேறொரு சிறுவனுக்கு உரியதாயிற்று. அதில் தவறு காண நான் வரவில்லை, ஏனெனில் காத்திருக்கும் சிறுவனும் பிள்ளைதானே. ஆனால் இந்நாட்டில் விடுப்பில் வரும் படைவீரர்கள் வெள்ளிக்கிழமை மதியம் அழுக்குத் துணிப் பையோடு அம்மாவிடம் போவதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். குடும்ப ஆதரவற்ற வீரர்களுக்கு அரசு கூடுதல் ஊதியமும் தங்குமிட உதவியும் தருகிறது, நல்லதுதான். ஆயினும் அந்தத் துணிப்பையை எந்த வாசலில் இறக்குவது என்பதை அந்த உதவி தீர்த்துவைக்காது. ஒரு வெள்ளிக்கிழமை அவன் விருந்துக்கு வந்தான். வெள்ளி மாலையில் யூதரின் ஓய்வுநாளான சபாத் தொடங்கிவிட்டால் பெரும்பாலான ஊர்களில் சனிக்கிழமை இரவுவரை பேருந்து ஓடாது. உண்டு முடித்தபின் திரும்பிப் போகவும் வழியில்லை, அங்கே படுக்கவும் இடமில்லை. எங்கள் கூடத்துச் சோபாவில் படுத்தான், காலணியைக்கூடக் கழற்றவில்லை.

நான் பராமரிக்கும் மூதாட்டி மொராக்கோவிலிருந்து சிறுமியாக, யூதப் பிள்ளைகளை இந்நாட்டுக்கு அழைத்துவரும் ‘இளைஞர் அலியா’ இயக்கத்தின் வழியாக வந்து, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இளையோர் கிராமம் ஒன்றில் வளர்ந்தவர். ரெஹா ஃப்ரையர் 1933 இல் பெர்லினில் தொடங்கிய அந்த இயக்கம், பெற்றோரைப் பிரிந்த எத்தனையோ பிள்ளைகளைக் கரைசேர்த்தது. படிப்பு, தொழில், மொழி எல்லாம் அங்கே கிடைத்தது, திருமணத்திற்கு முந்தைய சபாத்துகளில் போய் இருக்க ஒரு வீடுதான் கிடைக்கவில்லை என்பார் அவர். போலந்தின் வார்சாவில் மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் 1912 இல் திறந்த யூத அநாதை இல்லத்திலும் பிள்ளைகள் பதினான்கு வயதில் வெளியேற வேண்டியிருந்தது. ஆயினும் பின்னாளில் அவர்களுள் சிலர் தங்கிப் படித்துக்கொண்டே இல்லத்தில் வேலை செய்வதற்கென்று அங்கேயே ஒரு விடுதி ஏற்பட்டது. ஆக, இந்தச் சிக்கலும் புதிதன்று, அதற்கு இடம் ஒதுக்கிப் பார்த்ததும் புதிதன்று.

ஆகவே நான் வேண்டுவது சிறியது. ஒவ்வோர் இல்லத்திலும் வெளியேறிய பிள்ளைகளுக்கென்று ஒரு கட்டிலும் துணி அலமாரியில் ஒரு தட்டும் நிரந்தரமாக இருக்கட்டும். அதற்காகும் உணவுச் செலவு வீட்டுத் தம்பதியரின் சொந்தப் பணத்திலிருந்து போகாமல் உங்கள் கணக்கில் எழுதப்படட்டும். அத்தம்பதியர் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், அச்செய்தி வளர்ந்து வெளியேறிய பிள்ளைகளுக்கும் நேரில் சொல்லப்படட்டும். கட்டில் போட இடமில்லாத வீடுகளில் சுருட்டி வைக்கும் மெத்தை ஒன்று போதும். அந்தப் பையனுக்கு அடுத்த விடுப்பு இரண்டு வாரத்தில் வருகிறது.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுப் பராமரிப்பாளர்