பூசான் தியேட்டரில் உதவிய அம்மாவுக்கு

தென் கொரியாவின் பூசான் நகரில், சென்டம் சிட்டி பகுதித் தியேட்டருக்குப் போன சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் பேரனோடு வந்திருந்த அம்மாவுக்கு நன்றி.

இங்கே பல தியேட்டர்களில் டிக்கெட் கொடுக்க ஆள் கிடையாது, எல்லாம் மெஷின்தான். நான் பார்க்க வந்தது ஓர் ஆங்கில அனிமேஷன் படம். குழந்தைகளும் வருவார்கள் என்பதால் கொரிய டப்பிங்கில் ஒரு காட்சி, ஆங்கிலத்திலேயே விட்டு கொரிய சப்டைட்டில் போட்டு இன்னொரு காட்சி. எது எது என்பது மெஷின் திரையில் பொடி எழுத்தில், அதுவும் கொரியனில்தான் இருக்கும். டப்பிங் காட்சியைத் தொடப் போனபோது, பின்னால் நின்ற நீங்கள் இரண்டு கைகளையும் பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்து, வாயைத் தொட்டுக் காட்டி, "கொரியன், கொரியன்" என்றீர்கள். அப்புறம் நீங்களே சரியான காட்சியைத் தேடி, நடுவில் நல்ல சீட்டாகவும் பார்த்துக் கொடுத்தீர்கள்.

அதோடு முடிந்ததா? என் இந்திய கார்டை மெஷின் ஏற்கவில்லை. நான் கேட்காமலே உங்கள் கார்டைச் செருகினீர்கள். டிக்கெட் 15,000 வோன். நான் நீட்டிய 20,000-ஐ வாங்கிக்கொண்டு, மீதி 5,000-ஐக் கையில் திணித்தீர்கள். அதற்குள் உங்கள் பேரன் பாப்கார்ன் கேட்டுச் சிணுங்க ஆரம்பித்துவிட்டான், பாவம்.

பெயர் கேட்கக்கூட நேரமில்லை, அம்மா. கொரியன் தெரிந்த நண்பர்கள் யாராவது இதை மொழிபெயர்த்துப் பூசான் பக்கம் அனுப்பிவிட்டால் புண்ணியமாகப் போகும்.