வாங்குவதற்கு முன் ஒருமுறை வந்து வாசி

காரைக்குடி,
கார்த்திகை.

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் ஐந்து மாதமாக மேசையிலேயே கிடக்கிறது. மூன்றரை லட்சம் கொடுத்து அந்த கிதார் ஆம்ப்பை, கிதார் ஒலியைப் பெருக்கும் அந்தப் பெட்டியை, வாங்கலாமா, வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல் என்று கேட்டிருந்தாய். ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் உன் மனம் நோகுமோ என்று தள்ளிப்போட்டேன். அது தப்பு. இப்போது சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. உன் போட்டோவைப் பார்த்து, மீசை நரைத்துவிட்டதே என்று முதலில் சொன்னவள் அவள்தான். பள்ளத்தூர் மைக்செட் கதையை வள்ளி என் மகனிடம் சொல்லிவிட்டாள். நீ வந்ததும் உன்னைத்தான் கேட்கப்போகிறான், தயாராக இரு.

ஆடி மாதம் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். நீ ஏங்குகிற அதே ஜாதி. ஒரே ஆள் ஒரு சிறிய பட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாகக் கையால் ஈயம் வைத்துச் செய்தது. விலை 2,800 டாலராம். உள்ளே இருப்பது ஃபெண்டர் கம்பெனி 1950களில் போட்ட ட்வீட் டீலக்ஸின் சர்க்யூட், நம் ஆட்கள் 5இ3 என்று சொல்வார்களே, அதுதான். ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான 6வி6 வால்வு இரண்டு, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு டோன் குமிழ். சுமார் 12 வாட்.

கானாடுகாத்தான் வீட்டு வளவில், முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், வைத்து வாசித்தோம். சொக்கு, அன்றைக்கு நீ இல்லையே என்று இருந்தது. வால்யூம் குமிழைப் பாதிக்கு ஏற்றியதும் ஒலி உடைய ஆரம்பிக்கிறது, ஆனால் கரகரப்பாக இல்லை, தொண்டை கட்டிய பெரியவர் பாடுகிற மாதிரி. மெல்ல வருடினால் தெளிவு. ஓங்கி அடித்தால் ஒரு கணம் அமுங்கி அப்புறம் எழுகிறது, மூச்சு வாங்குவது போல. அந்த அமுக்கம், கரண்டை ஒரே திசைக்கு மாற்றும் 5ஒய்3 ரெக்டிஃபையர் வால்வின் வேலை. திடீரென்று நிறையக் கரண்ட் கேட்டால் அதில் வோல்ட்டேஜ் இறங்கி மறுபடி ஏறும். வெளிவருவதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி ஒலியை அடக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக் வேறு இந்த சர்க்யூட்டில் கிடையாது, அதனால் விரலில் என்ன நடக்கிறதோ அது தடையில்லாமல் வெளியே வருகிறது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையிலும் சுண்ணாம்புச் சுவரிலும் பட்டுத் திரும்பிய அந்த ஒலியை ஐந்து பேர் பேசாமல் உட்கார்ந்து கேட்டோம். ஆகவே "வெறும் பழைய மோகம்" என்று நான் சொல்லமாட்டேன். ஆசைக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் மூன்றாம் நாள் இரவு என்ன நடந்தது தெரியுமா? வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வால்வின் உள்தகடு அடுப்புக் கங்கு மாதிரி சிவந்துவிட்டது. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். அது 120 வோல்ட்டுக்கான அமெரிக்கச் சரக்கு, நாம் கொடுத்ததோ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாக. இரவில் இங்கே கரண்ட் 250 வோல்ட்டைத் தொடுகிறது. அப்போது மறுபுறம் 130. அந்தக் கால சர்க்யூட்டுக்கு அது அதிகம்.

தேவகோட்டை ரேடியோ அண்ணனிடம் கொண்டுபோனேன். ஆமாம், அதே அண்ணன்தான், இன்னும் கடையில் உட்கார்கிறார். கிதார் ஆம்ப்பை வாழ்நாளில் திறந்ததில்லை அவர். பின்பலகையைக் கழற்றி ஐந்து நிமிடம் பார்த்தார். "தம்பி, இது வால்வு ரேடியோவோட பின்பாதி. முன்னால ஸ்டேஷன் புடிக்கிற இடத்துல கிதார நுழைச்சிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார். மின்சாரத்தை எடுத்து அரைமணி நேரம் ஆகியும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கண்டென்சர்களைத் தனியாக வடித்துவிட்டுத்தான் கை வைத்தார். முந்நூறு வோல்ட்டுக்கு மேல் உள்ளேயே தங்கியிருக்குமாம், ஆளைக் கொல்லப் போதும். 6வி6 இரண்டுக்கும் பொதுவாக, கரண்டைக் கட்டுப்படுத்தும் கேத்தோடு ரெசிஸ்டர் சூடாகிச் சூடாகி, ஒட்டி நின்ற 25 மைக்ரோஃபாரட் கண்டென்சரை வேகவைத்திருக்கிறது. அது ஷார்ட் ஆனதும் வால்வுக்குக் கடிவாளம் போய்விட்டது. புதுக் கண்டென்சர் ஐம்பது ரூபாய்கூட இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்து ஈயம் வைத்தார், மறுபடி பாடியது.

அன்றைக்குத்தான் எனக்கு இரண்டும் ஒரே சமயத்தில் புரிந்தது, எதற்காக விலை, எது விலையில்லை என்பது. இந்த சர்க்யூட்டில் ரகசியமே கிடையாது. லண்டனில் ஜிம் மார்ஷல் 1962இல் ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்துத்தான் தன் முதல் ஆம்ப்பைச் செய்தார். அன்றிலிருந்து எல்லாரும் எல்லாரையும் பார்த்துத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஆம்ப் செய்த டம்பிள் மாதிரி ஓரிருவர் தங்கள் சர்க்யூட் மேல் பசையை ஊற்றி மூடினார்கள். டம்பிள் 2022இல் இறந்துவிட்டார், அவர் கையால் செய்தது இன்று லட்சம் டாலரைத் தாண்டுகிறது. அது வேறு உலகம், அதை விடு. மற்றவர்களுக்கு நாம் கொடுப்பது உழைப்புக்கும் நல்ல டிரான்ஸ்பார்மருக்கும் நல்ல ஸ்பீக்கருக்கும். அந்தக் கூலியை நான் குறை சொல்லவில்லை. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் நிறக் கலவையை ஊற்றுகிறவரிடம் பேரம் பேசக்கூடாது என்று என்னைத் திட்டியவன் நீ. இன்னொன்று, இப்படிக் கையால் செய்ததை ஐம்பது வருடம் கழித்தும் ஒரு அண்ணன் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடிகிறது. அதற்கே ஒரு விலை கொடுக்கலாம்.

ஆனாலும் நீ வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. வேளச்சேரி மூன்றாவது மாடியில் இதை எப்படி வாசிப்பாய்? 12 வாட்தானே என்று நினைக்காதே, வால்வு ஆம்ப்பில் பாதிக் குமிழுக்கே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். குமிழ் இரண்டில் வைத்தால் நீ காசு கொடுத்த அந்த உடையும் ஒலி வராது. 2,800 டாலர் என்பதும் அங்கேயுள்ள விலை. கப்பல் கூலி, சுங்க வரி, அதன் மேல் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துத்தான் உன் மூன்றரை லட்சம்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. அது உங்கள் வீட்டை விற்றதில் உன் பங்காக வந்த பணம் என்று எழுதியிருந்தாய். போன வாரம் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை வாசலில் உங்கள் வீட்டு நிலையை, அந்தக் கதவுச் சட்டத்தைப் பார்த்தேன். நாம் இருவரும் ஏழாம் வகுப்பில் கத்தியால் கீறிய கோடு கீழே இடது பக்கம் அப்படியே இருக்கிறது. கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உனக்கு அந்தப் பணத்தை வீட்டில் வைத்திருக்கவே பிடிக்கவில்லையோ என்று தோன்றுகிறது. சீக்கிரம் எதிலாவது போட்டு முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் உன் எழுத்தில் தெரிகிறது. அந்த வீட்டுக்குப் பதிலாக இன்னொரு பழைய பொருள் வேண்டும் என்று மனம் தேடினால், டா, 2023இல் செய்து பழசு மாதிரி துணி ஒட்டிய பெட்டி அதற்கு ஈடாகுமா?

நான் நினைப்பது இதுதான். நாமே ஒன்று செய்வோம். அண்ணன் கூட இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 80,000 ரூபாய்க்குள் அடங்கும். அதில் பெரும்பகுதி டிரான்ஸ்பார்மருக்கும் ஸ்பீக்கருக்கும் போகும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பவர் டிரான்ஸ்பார்மரை 240 வோல்ட்டுக்கே சுற்றச் சொல்லிவிடலாம், கங்கு பயம் இருக்காது. வால்வு ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்னும் செய்கிறார்கள். பெட்டிக்குப் பர்மாத் தேக்கு என்று ஆரம்பிக்காதே, எனக்குத் தெரியும் நீ கேட்பாய் என்று. அசல் பெட்டி பைன் மரம். மெல்லிசாக, கனமில்லாமல் இருப்பதால் பலகையும் சேர்ந்து அதிர்கிறது. தேக்கில் செய்தால் தூக்கவும் முடியாது, ஒலியும் இறுகிவிடும். மிஷின் வந்து இறங்குகிற பழைய பைன் பெட்டிகள் இங்கே கிடைக்கின்றன, இரண்டைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த நிலையைப் பற்றியும் கேட்டேன். கடைக்காரர் தை வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். முழுசாக வேண்டாமென்றாலும், கோடு இருக்கும் பகுதியையாவது வாங்கலாமா என்று நீதான் வந்து முடிவு செய்ய வேண்டும். எனக்கு அதில் பேச உரிமை இல்லை.

பழனிக்கு நடப்பவர்கள் கிளம்புவதற்கு முந்தைய வாரம் வந்துவிடு, அப்போது எனக்கும் வேலை குறைவு. அக்கா மகன் ஆம்ப்பை இங்கேயே விட்டுப் போயிருக்கிறான். வளவில் வைத்து நீ ஒருநாள் முழுக்க வாசி. அதற்கப்புறமும் அதையேதான் வாங்குவேன் என்றால் நான் மறுபேச்சு பேசமாட்டேன். கிதாரை பஸ்ஸில் மேலே போடாதே, மடியில் வைத்துக்கொண்டு வா. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 250 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் நாலு வாங்கி வா, அண்ணன் கேட்டார்.

உன்,
லெட்சுமணன்