பார்சலோடு வரும் கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். பஸ்ஸில் பை தொலைந்துவிட்டது என்று நீ சொன்ன அன்றைக்கு எனக்குப் பேச்சே வரவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். லேப்டாப் போனால் இன்னொன்று வாங்கலாம். மூன்று வருஷமாக வரைந்த படமெல்லாம் அதிலேதான் இருந்தது என்றாயே, அதற்கு என்ன சொல்வது? பொங்கலுக்கு நீ கொடுத்துவிட்டுப் போன, மரக்கட்டை அச்சுப் படம் வரைந்த ஜப்பான் ஓவியர் கவாசே ஹசுயியின் படப் புத்தகத்தோடுதான் ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஹசுயி 1883இல் டோக்கியோவில் கயிறும் நூலும் விற்ற வீட்டில் பிறந்தவர். கடையைத் தங்கையும் அவள் புருஷனும் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவருக்கு விடுதலை. கபுராகி கியோகாதா என்ற பெரிய ஓவியரிடம் போனால், வயதாகிவிட்டது, மேல்நாட்டுப் பாணியில் பழகு என்று திருப்பி அனுப்பிவிட்டார். சரி என்று அதையும் பழகிவிட்டு, இரண்டு வருஷம் கழித்து மறுபடி அதே வாசலில் போய் நின்றிருக்கிறார். அப்போது சேர்த்துக்கொண்டார்கள். பிழைப்புக்குப் பத்திரிகைப் படம், விளம்பரம் எல்லாம் வரைந்தார், நீ வரைகிற மாதிரி. 1918இல் ஷியோபாரா என்ற ஊரைப் பற்றிய முதல் அச்சுப் படங்கள் வந்தபோது அவருக்கு 35 வயது.

மரக்கட்டை அச்சு என்றதும் எல்லாம் ஒரே ஆள் வேலை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வரைவது இவர், செர்ரி மரப் பலகையில் செதுக்குவது ஒருவர், ஈரத் தாளில் நிறம் நிறமாக ஏற்றுவது இன்னொருவர். பணம் போட்டு எல்லாரையும் கூட்டி வைத்தவர் பதிப்பாளர் வதனபே ஷோசாபுரோ. ஒவ்வொரு பலகையிலும் மூலையில் ஒரு வெட்டு, பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும். தாளை அதில் அணைத்துத்தான் வைக்க வேண்டும். அவர்களுக்கு அதுதான் ரெஜிஸ்டர், அதாவது ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் பிசகாமல் விழ வைக்கிற அடையாளம். முப்பது வருஷம் பிரஸ்ஸில் நாலு கலர் அச்சு ஓட்டியவன் நான். மெஷினிலேயே மயிரிழை நகர்ந்தால் உதடு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் போய்விடும். இவர்கள் கையால் தேய்த்து அத்தனை நிறத்தையும் உட்காரவைத்திருக்கிறார்கள்! சோஜோஜி கோயில் படத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்தேன். சிவப்பு வாசல், கொட்டும் பனி, குடையைச் சாய்த்துப் பிடித்துக் குனிந்து நடக்கிற ஒரு பெண். அந்த ஈரக் காற்று என் முகத்தில் அடித்தது, பாப்பா.

அந்தப் படம் 1925இல் வந்தது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். 1923 செப்டம்பர் 1, டோக்கியோவில் பெரிய பூகம்பம், பின்னாலேயே தீ. ஹசுயியின் வீடு போனது. ஊர் ஊராக அலைந்து வரைந்த 188 நோட்டும் போனது. பதிப்பாளரின் கடையும் செதுக்கி வைத்த பலகைகளும்கூட மிஞ்சவில்லை. நூற்றி எண்பத்தெட்டு. அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தேன்.

அந்த வருஷமே கிளம்பிவிட்டார். 102 நாள். ஹொகுரிகு, சான்இன், சான்யோ என்று ஜப்பானின் பல பகுதிகளைச் சுற்றி, புது நோட்டில் முதல் பக்கத்திலிருந்து வரைந்துகொண்டு வந்தார். நாம் இன்றைக்குப் பார்க்கிற பெரிய படங்கள் பல அதற்கு அப்புறம் வந்தவைதான். 1957இல் வயிற்றுப் புற்றுநோயில் கிடந்தபோதும் கையில் ஒரு படம் இருந்தது, பனியில் தனியே நடக்கிற ஒரு துறவி. அவர் போன பிறகு கூட இருந்தவர்கள் அதை முடித்தார்கள்.

நீ உடனே வரைய வேண்டாம். அழ வேண்டுமானால் அழு. வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று மட்டும் இந்த மாதம் முடிவெடுக்காதே.

பிரஸ்ஸில் ஓரம் வெட்டிய நல்ல கெட்டித் தாள் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். அம்மா கோணி ஊசியால் நாலு நோட்டு தைத்திருக்கிறாள். அட்டை உன் பழைய பாவாடைத் துணி. பார்சல் வியாழக்கிழமை வந்துவிடும், முறுக்கு மேலே இருக்கிறது, பார்த்துப் பிரி.

அன்புடன்,
அப்பா