கரகம் ஏன் சரிகிறது

அன்பு மகளுக்கு,

வீடியோவைப் பார்த்தேன். கரகம் பின்பக்கமாகவே சரிகிறதென்று கழுத்தைக் குறை சொல்கிறாய். கோளாறு செம்பில் இருக்கிறது. நீ வைத்து ஆடுவது பூஜைச் செம்பு, அடி உருண்டை. ஆட்டக் கரகத்துக்குச் செம்பின் அடியை உட்பக்கமாகத் தட்டிக் குழித்திருப்பார்கள். அந்தக் குழி உச்சந்தலையில் படிந்து உட்கார வேண்டும். அங்கே தட்டித்தர ஆள் தேடாதே. செம்பு உட்காரும் இடத்தை நூலால் சுற்றி அளந்து சொல், பாத்திரப் பட்டறையில் கொடுத்து வாங்கி அனுப்புகிறேன்.

அடுத்தது எடை. பளு ஏறினால் விழும் என்று பயந்து காலிச் செம்போடு பழகுகிறாய். பளுதானம்மா கரகத்தைப் பிடித்து நிறுத்துவது! ஒன்றரைக் கிலோ செம்பு என்றால் உள்ளே 3, மூன்றரைக் கிலோ பச்சரிசியோ மணலோ போடுவார்கள். மணல் என்றால் காயவைத்துச் சலித்தது. எதைப் போட்டாலும் செம்பைத் தட்டித் தட்டி, இறங்க இறங்க நிரப்பு. செம்பின் கழுத்துவரை வந்ததும் துணி வைத்து இறுக்கி அடை. அரைகுறையாக விட்டால், நீ சுற்றி நின்ற பிறகும் உள்ளே அரிசி ஓடிக்கொண்டிருக்கும். செம்பையும் இழுத்துக்கொண்டு போகும். முழு எடையை ஒரே நாளில் ஏற்றாதே. அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏற்று, அதுவரை மீதி இடத்தையும் துணியால் இறுக்கி அடை. கழுத்து வலித்தால் இறக்கிவிடு.

செம்பின் மேல் கட்டும் அலங்காரக் கூட்டின் நடுவில், உச்சியில் பொம்மைக் கிளி செருகிய மூங்கில் குச்சி நேராக நிற்க வேண்டும். உன் கிளி முதுகுப்பக்கம் எட்டிப் பார்க்கிறது. உயரம் கூடக்கூட அந்தச் சாய்வு பெரிதாகும், அதனால் இப்போதைக்குக் கூட்டைத் தாழ்வாகவே கட்டிக்கொள். ஆடுகிற நாளில் தலைக்கு எண்ணெய் வேண்டாம், வழுக்கும். கொண்டையைப் பிடரியில் போடு.

குதிகாலை ஊன்றி மிதிக்கிறாய். சலங்கை நன்றாகக் கேட்கிறது, கரகமும் துள்ளுகிறது. முழங்காலைக் கொஞ்சம் மடித்தே வைத்திரு. அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். திரும்பும்போது கழுத்தைத் திருப்பாதே, உடம்பு மொத்தமாகத் திரும்பட்டும். பார்வை நேரே இருக்கட்டும். கரகத்தோடு ஏணி ஏறுவது, தாம்பாளத்தில் நின்று ஆடுவது, கண்ணால் ஊசி எடுப்பது எல்லாம் பல வருஷப் பழக்கம் உள்ளவர்களுக்கு. உனக்கு இப்போது அந்த ஆசை வேண்டாம்.

ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு ஆடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளம் என்றால் இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று கூட்டமாக வரும். தவில்காரர் கண் ஆடுகிறவள் காலில் இருக்கும். நீ தடுமாறினால் இன்னொரு சுற்று வாசிப்பார், கால் ஊன்றியதும் தீர்மானம் வைத்து அந்தச் சுற்றை முடிப்பார். ஸ்பீக்கருக்குக் கண் ஏது? அங்கே கோயிலில் தவில் வாசிக்கிறவர் இருக்கிறார் என்றாயே, அவரைக் கேள். ஒற்றைத் தவிலும் ஜால்ராவும் போதும். கோயில் வாசிப்பு நிதானமானது, உனக்கு வேண்டியது துள்ளல் நடை. இரண்டு மூன்று நாள் சேர்ந்து பழகுங்கள். தவிலை முன்கூட்டியே ஹாலுக்குக் கொண்டுவரச் சொல். ஈரத்தில் தோல் தொய்யும், ஹீட்டர் சூட்டில் இறுகும். இடத்தின் காற்று பழகிய பிறகு தோலை இழுத்துக் கட்டும் வாரைப் பிடிக்கட்டும்.

ஆடி விழாவில் சக்திக் கரகத்தையும் நீயே எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். அது ஆட்டமே இல்லை, வழிபாடு. காப்புக் கட்டி விரதம் இருந்தவர், நீர்நிலையில் ஜோடித்த மண்குடத்தை வேப்பிலையும் பூவுமாகப் பம்பை, உடுக்கை முழங்கக் கோயிலுக்கு எடுத்து வருவது. மேடைக்கு அதைக் கொண்டுவராதீர்கள். பூசாரி எடுக்கட்டும், நீ பின்னால் போய்க் கும்மியில் சேர்ந்துகொள்.

நூல் அளவு எடுக்கும்போது முடியை விரித்துவிட்டு எடுக்காதே. ஆடும் நாளில் எப்படிச் சீவுவாயோ அப்படியே படியச் சீவிக்கொண்டு எடு.

அப்பா