அளக்குறதுக்கு முன்னாடி கண்ணால பார்க்கச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பத்திரிகையோட மாணவர் பக்கத்துல கோடுகள், கோணங்கள் பயிற்சி போடுறீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா கேள்வியெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. நேர்கோட்டு மேல ஒரு கோணம் 110 டிகிரி, பக்கத்துக் கோணம் என்னன்னு கேட்டா 180ல கழிச்சு 70ன்னு எழுதிட்டு பிள்ளைங்க போயிடுறாங்க, படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே வரல. அது கழித்தல் கணக்குதானே?

நான் டியூஷன் எடுக்குறவ. பசங்க அதிகமா தடுமாறுற இடம் கோணம் அளக்குற புரோட்ராக்டர்தான். அதுல 0லேர்ந்து 180 வரைக்கும் ரெண்டு வரிசை நம்பர் எதிரெதிர் திசையில போகுது, அதனால 60 டிகிரிய 120ன்னு படிச்சுட்டு சந்தேகமே இல்லாம எழுதிடுறாங்க. உள் வரிசையப் பாரு வெளி வரிசையப் பாருன்னு ரூல் சொல்லிக்குடுத்தா, அடுத்த கோணம் வேற பக்கம் திரும்பி இருக்கும்போது மறுபடியும் குழப்பம்தான். அளக்குறதுக்கு முன்னாடியே இது செங்கோணத்தைவிட சின்னதா பெருசா, குத்துமதிப்பா எத்தனை டிகிரி இருக்கும்னு கேட்டுப் பாருங்க, சின்னது, அதாவது குறுங்கோணம்னு வாயால சொன்ன பிள்ளை 120ன்னு எழுதினாலும் தானே அடிச்சுட்டு 60 போட்டுடும். செங்கோணம் எப்படி இருக்கும்னு தெரிய ஒரு துண்டுப் பேப்பர் போதும். ஒரு தடவை மடிச்சு, அந்த மடிப்பு தன் மேலேயே படியுற மாதிரி இன்னொரு தடவை மடிச்சா மூலையில 90 டிகிரி கிடைச்சிடும், அதையே பாதியா மடிச்சா 45.

இன்னொண்ணு, கோடு நீளமா இருந்தா கோணமும் பெருசுன்னு நிறைய பிள்ளைங்க நினைக்குது. நீளக் கோடு போட்டு 35 டிகிரி, குட்டிக் கோடு போட்டு 50 டிகிரி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு எது பெருசுன்னு கேளுங்களேன், எவ்வளவு திரும்புதுங்கிறதுதான் கோணம்னு அங்கேயே புரிஞ்சிடும்.

இணைகோடுகளையும் எப்பவும் படுக்கை வசத்துலயே போடாதீங்க. சாய்ச்சு, செங்குத்தா, எல்லா மாதிரியும் வரட்டும். நடுவுல ஒண்ணு ரெண்டு படத்துல இணையா இல்லாத கோடுகளையும் குறுக்குவெட்டியோட (ரெண்டு கோட்டையும் வெட்டிக்கிட்டுப் போற கோடு) போடுங்க, ஏன்னா ஒத்த கோணங்கள் (வெட்டுற ரெண்டு இடத்துலயும் ஒரே நிலையில இருக்குற கோணங்கள்) சமம்னு மனப்பாடமா சொல்ற பசங்களுக்கு, கோடுங்க இணையா இருந்தாத்தான் அது சரிங்கிறது மறந்தே போயிடுது. கோடுங்க வெட்டுற இடத்துல எதிரெதிரா இருக்குற குத்தெதிர்க் கோணங்களுக்கு அந்தக் கவலை இல்ல, எந்த ரெண்டு நேர்கோடு வெட்டிக்கிட்டாலும் சமம்தான், ரெண்டுமே 180லேர்ந்து அதே பக்கத்துக் கோணத்தைக் கழிச்சா வர்றதுதானே.

கடைசியா லேஅவுட் பண்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். 70 டிகிரின்னு எழுதியிருக்குற படம் நிஜமாவே 70 டிகிரியா இருக்கணும், அப்பதான் பிள்ளைங்க பேப்பர் மேலயே வெச்சு அளந்து பார்க்க முடியும். படத்தை மொத்தமா சின்னதாக்கினா கோணம் மாறாது, தாராளமா செய்யுங்க. இடம் பத்தலைன்னு ஒரு பக்கமா மட்டும் அமுக்கிடாதீங்க, கோணம் மாறிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி