சில்லறை போட்டு வாங்குன கப்பல்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்காவோட வசந்த காலம் பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன். வாஷிங்டன் செர்ரிப் பூவத் தாண்டி இங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி எழுதியிருக்காங்க, அதான் இந்த லெட்டர்.

நாங்க இருக்கிறது நார்த் கரோலினா மாநிலத்துல, சார்லட்ல. ஏப்ரல்ல அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தப்போ புளிசாதத்தக் கட்டிக்கிட்டு கார்ல கிளம்பிட்டோம், நாலு மணி நேரத்துல வில்மிங்டன். ஊரெல்லாம் அசேலியா பூத்துக் கெடக்கு. ஆத்துக்கு அக்கரையில ‘நார்த் கரோலினா’ போர்க்கப்பல் நிக்குது, 1941-ல கடற்படையில சேந்தது, 16 அங்குல பீரங்கி மட்டும் ஒன்பது. உள்ள எறங்குற படியெல்லாம் ஏணி மாதிரி செங்குத்து, அம்மா முட்டி வலின்னு மேல் டெக்கோட நின்னுட்டாங்க (வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க கவனிச்சுக்கோங்க). அப்பா மில்லுல ஃபிட்டரா இருந்தவர், பீரங்கியத் திரும்பிக்கூட பாக்கல, நேரா என்ஜின் ரூம்ல போய் ஒவ்வொரு வால்வாத் தடவிப் பாத்துக்கிட்டு, இதுல எத்தன பேரு கை சுட்டிருக்குமோன்னு சொல்லிக்கிட்டே நின்னார்.

1958-ல இந்தக் கப்பல ஒடைக்கப் போறோம்னு நேவி சொன்னதும், அந்த மாநிலத்து ஸ்கூல் பிள்ளைங்க சுமார் 7 லட்சம் பேரு ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டுருக்காங்க, பெரியவங்களும் சேந்து காசு தெரட்டி 1961-ல இழுத்துட்டு வந்துட்டாங்க. வர்ற வழியில ஆத்துல மிதந்துகிட்டிருந்த ஒரு ரெஸ்டாரண்ட்ல இடிச்சிருச்சாம், பையன் இதுக்குத்தான் ரொம்ப சிரிச்சான்.

மறுநாள் சார்ல்ஸ்டன். அங்க ‘யார்க்டவுன்’ விமானம் தாங்கிக் கப்பல், நிலாவச் சுத்திட்டு வந்த அப்பல்லோ 8 ஆளுங்கள 1968-ல கடல்ல இருந்து தூக்குனது இதுதான். விமானம் எறங்குற டெக்கு நடக்க நடக்க நீண்டுகிட்டே போகுது, வெயில் வேற, தொப்பி இல்லாமப் போயிடாதீங்க. அப்பா அங்க ஒரு ஓரமா நின்னு, நம்ம பழைய விக்ராந்தும் இப்படித்தானேடா இருந்துச்சுன்னார். 71 போர்ல சண்ட போட்ட கப்பல், 1997-ல ரிட்டயர் ஆகி மும்பைல மியூசியமா கொஞ்ச வருஷம் இருந்துச்சு, அப்புறம் பராமரிக்க ஆளில்லாம 2014-ல ஏலத்துல போயி ஒடச்சுட்டாங்க. அந்த இரும்பக் கொஞ்சம் சேத்து பஜாஜ்ல ஒரு பைக்கு விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? எங்க சித்தப்பா பையன் இன்னும் அதத்தான் ஓட்டுறான்.

அன்னிக்கு ராத்திரி ஹோட்டல் ரூம்ல இருந்து அப்பா அவனுக்கு போன் போட்டு, “டேய், அந்த வண்டிய வித்துகித்துத் தொலச்சிடாதடா”ன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சார்லட்